நட்சத்திரத்துக்கு இறக்கை முளைத்தது ஏன்?

தை மாதத்து இரவு. மணி ஒன்பது. மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் நின்றுகொண்டிருப்பான். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரிகின்றன அல்லவா? அவை அவனுடைய இடைக்கச்சை. அதற்கு வடக்கே செம்மை நிறத்தில் திருவாதிரை. தெற்கே நீலவெண்மையில் ரீகல். இடைக்கச்சையின் கோட்டை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டே போனால், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமாகிய சிரியசிடம் போய்ச் சேர்வீர்கள். மறுபக்கம் நீட்டினால் ரோகிணி.

இந்தக் காட்சியைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறீர்கள். காமிராவை முக்காலியில் பொருத்துகிறீர்கள். லென்சின் துவாரத்தை முழுவதும் திறந்து, அரை நிமிடம் ஒளி விழும்படி விடுகிறீர்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். ஏமாற்றம்! ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக இல்லை. நடுவில் உள்ளவை சிறு கோடுகளாக நீண்டிருக்கின்றன. ரீகலைச் சுற்றி ஊதா நிற வளையம். ஒரு மூலையில் சிரியசுக்கு இரண்டு இறக்கைகள் முளைத்து, அது பறவை போல் இருக்கிறது. நான்கு மூலைகளும் இருண்டு கிடக்கின்றன.

இது யார் செய்த குற்றம்? வானத்தினுடையதா, லென்சினுடையதா, உங்களுடையதா? இதைக் கண்டுபிடிக்காமல் திருத்த முற்பட்டால், காய்ச்சலுக்குக் கண் மருந்து போட்ட கதையாகும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு தனி உருவம் உண்டு. அந்த உருவத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் கற்கப் போகிறோம்.

நட்சத்திரம் ஒரு கண்டிப்பான தேர்வாளர்

இதே லென்சால் பள்ளி ஆண்டு விழாவைப் படம் எடுத்தபோது இந்தக் குறைகள் ஏன் தெரியவில்லை? அவை அப்போதும் இருந்தன. ஆனால் முகமும் சட்டையும் மேடைத் திரையும் பரந்த உருவங்கள். அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் சற்றுக் கலைந்தாலும் பக்கத்துப் புள்ளியோடு கலந்து மறைந்துவிடும். நட்சத்திரமோ எல்லையற்ற தொலைவில், கரிய பின்னணியில் நிற்கும் ஒற்றைப் புள்ளி. அதிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் அனைத்தையும் லென்ஸ் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு கதிர் தவறினாலும் அது தனியாக வெளியே தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு லென்சின் தரத்தைச் சோதிக்க நட்சத்திரத்தைவிடக் கண்டிப்பான தேர்வாளர் இல்லை.

இந்தத் தேர்வை மிகுந்த பொறுமையோடு எழுதியவர்களில் ஒருவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். 1857-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். ஒன்பது வயதை எட்டும்போதே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூரைமேல் ஒரு பெரிய உருப்பெருக்கும் கருவி இருந்தது. மின்விளக்கு இல்லாத காலம். சூரிய ஒளியால்தான் படங்களைப் பெரிதாக்குவார்கள். சூரியன் நகர நகர, கருவியும் அதன் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் திருப்பிக்கொண்டிருப்பதுதான் சிறுவன் பர்னார்டின் வேலை! வானத்தில் நகரும் பொருளை ஒரு கருவி பின்தொடர வேண்டும் என்ற பாடத்தை அவர் கூரைமேலேயே கற்றார்.

பின்னாளில் அவர் கலிபோர்னியாவில் உள்ள லிக் வான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த தொலைநோக்கி அப்போது உலகிலேயே பெரியது. ஆனால் அது வானத்தின் மிகச் சிறிய பகுதியைத்தான் காட்டும். பால்வீதியின் பரப்பைப் பிடிக்க அகலமான பார்வை வேண்டும். அதற்கு 1889-ஆம் ஆண்டில் பர்னார்ட் பயன்படுத்தியது, மனித முகங்களைப் படம் எடுக்கச் செய்யப்பட்ட, ஏறக்குறைய 6 அங்குல விட்டமுள்ள ஒரு பழைய உருவப்பட லென்ஸ். அதைக் கொண்டுதான் பால்வீதியின் நட்சத்திர மேகங்களை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய படங்களுள் சிலவற்றை எடுத்தார். ஒரு படத்துக்குச் சில மணி நேரம். அவ்வளவு நேரமும் துணைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு விலகாதபடி பார்த்துக்கொள்வார்.

சிறிய லென்ஸ், அகலமான வானம், பின்தொடரும் மேடை. பர்னார்டின் வழி இன்றைக்கும் நம் வழிதான்.

முதல் குற்றவாளி: சுழலும் பூமி

முதலில் அந்தச் சிறு கோடுகளைக் கவனிப்போம். பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வானம் மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி நகர்வதுபோல் தோன்றுகிறது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கோண விநாடி. அந்தக் கணக்கில், வான நடுக்கோட்டின் அருகே உள்ள நட்சத்திரம் ஒவ்வொரு விநாடியும் 15 கோண விநாடி நகர்கிறது. வேட்டைக்காரனின் இடைக்கச்சை அந்தக் கோட்டின்மேல்தான் ஏறக்குறைய அமைந்திருக்கிறது.

உங்கள் லென்சின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காமிராவுக்குள் படம் விழும் உணர்தகட்டில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு பிக்சல் வானத்தில் 25 கோண விநாடியை அடைக்கும். நட்சத்திரம் 1.7 விநாடிக்குள் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். அரை நிமிடத்தில் 18 பிக்சல் நீளக் கோடு! குற்றவாளி அகப்பட்டுவிட்டான் அல்லவா?

இவனுடைய அடையாளம் என்ன? படம் முழுவதிலும், நடுவிலும்கூட, கோடுகள் அனைத்தும் ஒரே ஒழுங்கில், வான துருவத்தைச் சுற்றிய வட்டங்களின் துண்டுகளாக இருக்கும். வளைந்து நெளிந்த கோடு எல்லா நட்சத்திரங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் அது பூமியின் வேலை அன்று, காமிரா ஆடியிருக்கிறது. பொத்தானைக் கையால் அழுத்தாமல், தானே இயங்கும் நேரக் கருவியை வைத்து எடுங்கள்.

இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகாணி

பூமி ஒரு திசையில் சுழன்றால், காமிராவை அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழற்றினால் சரியாயிற்று. மோட்டார் பொருத்திய, கைப்பையில் அடங்கும் பின்தொடரும் மேடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் தத்துவத்தை வீட்டிலேயே இரண்டு பலகைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் என்பவர் 1970-களில் இந்தக் கீல் பலகை மேடையைப் பலரும் அறியச் செய்தார்.

சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு பலகைகளை எடுத்து, ஒரு முனையில் கீலால் இணையுங்கள். புத்தகம்போல் திறந்து மூட வேண்டும். கீலின் அச்சிலிருந்து சரியாக 22.86 சென்டிமீட்டர் தள்ளி, கீழ்ப் பலகையில் ஒரு நட்டைப் பதியுங்கள். அதில் 6 மில்லிமீட்டர் திருகாணியைக் கீழிருந்து மேலாகச் செலுத்துங்கள். அதன் முனை மேற்பலகையைத் தள்ளும். இவ்வகைத் திருகாணி ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் உயரும். மேற்பலகையின் மேல் காமிரா. கீழ்ப் பலகை முக்காலியின் மேல்.

அந்த 22.86 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் திருகாணியைச் சுற்றினால், பலகை பூமியின் சுழற்சிக்குச் சமமான கோணம் திறப்பதற்கு அந்தத் தூரம்தான் வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது கடிகாரத்தின் விநாடி முள்ளின் வேகம். திருகாணியின் தலையில் ஓர் அட்டை வட்டத்தை ஒட்டி, அதில் ஒரு முள்ளை வரைந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கடிகாரம். அதன் விநாடி முள் எப்படிச் செல்கிறதோ அப்படியே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். விட்டு விட்டுத் தள்ளாதீர்கள். சீராகச் சுற்ற வேண்டும்.

திருகாணி நேரானது, பலகையோ வட்டத்தில் திறக்கிறது. ஆகவே நாளடைவில் கணக்குப் பிசகும். ஆனால் மூடிய நிலையிலிருந்து தொடங்கினால், முதல் பத்து நிமிடத்தில் சேரும் பிழை 6 கோண விநாடிதான். நம் பிக்சலில் கால் பங்கு. கவலை வேண்டாம்.

கீலின் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். வடக்கே பார்த்து நில்லுங்கள். கீல் உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நீட்டுங்கள். அந்த நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு டிகிரி. சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆகவே மதுரையில் அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில் தேடுங்கள். நம் பகுதியில் அது மரத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். வடக்குத் திசை திறந்திருக்கும் இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அச்சு ஒரு டிகிரி தவறினாலும், ஒரு நிமிடத்தில் ஏற்படும் விலகல் 16 கோண விநாடிக்கு மேல் போகாது. இது ஒரு பிக்சலுக்கும் குறைவு.

இனி ஒரு நிமிடம் ஒளி விழும்படி படம் எடுங்கள். நடுவில் இருந்த கோடுகள் போயின! ஓரியன் இப்போது புள்ளிகளாக மின்னுகிறான். ஆனால் மூலையில் பாருங்கள். சிரியசின் இறக்கைகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டாம் குற்றவாளி: லென்ஸ்

நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்க, ஓரங்களில் மட்டும் உருக்குலைந்தால் அது மேடையின் பிழை அன்று. லென்சின் பிழை. அதிலும் பல வகை உண்டு.

மூலையில் உள்ள நட்சத்திரத்தின் ஒளி லென்சுக்குள் சாய்வாக நுழைகிறது. லென்சின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் மையம் வழியாக வரும் கதிர்களும் வெவ்வேறு இடங்களில் போய் விழுகின்றன. விளைவு, வால்மீனின் வடிவம்: ஒரு தலை, படத்தின் நடுவை நோக்கியோ விலகியோ விரியும் ஒரு வால். இதற்குக் கோமா என்று பெயர். அடுத்தது அஸ்டிக்மாட்டிசம். சாய்வாக வரும் ஒளிக்கற்றையில் நெடுக்குக் கதிர்களும் குறுக்குக் கதிர்களும் வேறுவேறு தூரங்களில் குவிகின்றன. அதனால் நட்சத்திரம் சிறு கோடாகவோ சிலுவையாகவோ மாறும். இவை இரண்டும் சேர்ந்தால் கிடைப்பதுதான் உங்கள் இறக்கை முளைத்த பறவை.

மூன்றாவது நிறப்பிறழ்ச்சி. கண்ணாடி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் வளைக்கிறது. பல கண்ணாடிகளைச் சேர்த்து இதைப் பெரும்பாலும் சரிசெய்கிறார்கள். ஆனாலும் ஊதா ஒளி சற்றுத் தப்பிப் போகும். ரீகல் போன்ற நீல நட்சத்திரத்தைச் சுற்றிய வளையம் அதுதான். ஓரங்களில் நட்சத்திரத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தெரிந்தால், அது இன்னொரு வகை நிறப்பிறழ்ச்சி: ஒவ்வொரு நிறத்தின் படமும் சற்று வேறு அளவில் விழுந்திருக்கிறது.

நான்காவது, படப்பரப்பின் வளைவு. லென்ஸ் தன் கூர்மையான படத்தை ஒரு கிண்ணத்தின் உட்பரப்புபோல் வளைந்த பரப்பில் உருவாக்க விரும்புகிறது. நம் உணர்தகடோ தட்டையானது. நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் மங்கும். ஆகவே நடு நட்சத்திரத்தில் குவியம் வைக்காமல், நடுவிலிருந்து மூலைக்குச் செல்லும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்தில் குவியம் வையுங்கள். நடுவும் ஓரமும் சமாதானமாகப் போகும். லென்சில் உள்ள முடிவிலிக் குறியை நம்பிவிடாதீர்கள். திரையில் நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையம் நகராமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள்.

நேரத்தைக் கொடு, கூர்மையை வாங்கு

மற்றக் குறைகளுக்கு மருந்து என்ன? மிகவும் எளியது: லென்சின் துவாரத்தைச் சுருக்குவது. தவறு செய்யும் கதிர்களில் பெரும்பாலானவை லென்சின் விளிம்பு வழியாக வருபவை. அவற்றுக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

துவாரத்தின் விட்டத்தைப் பாதியாக்குவோம். எஃப் 1.8 என்று இருந்தது எஃப் 3.6 ஆகும். கோமாவின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது நான்கில் ஒரு பங்காகும். அஸ்டிக்மாட்டிசத்தால் வரும் கலக்கம் பாதியாகும். ஊதா வளையமும் ஏறக்குறைய பாதியாகும். மூலையில் கோமாவின் வால் 12 பிக்சல் நீளம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது 3 பிக்சல்தான். இறக்கை உதிர்ந்துவிட்டது!

ஆனால் எதையும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். விட்டம் பாதியானால் துவாரத்தின் பரப்பு கால் பங்கு. உள்ளே வரும் ஒளியும் கால் பங்கு. 15 விநாடியில் கிடைத்த ஒளி இப்போது 60 விநாடியில்தான் கிடைக்கும். மேடை இல்லாமல் 60 விநாடி எடுத்தால் நட்சத்திரம் 36 பிக்சல் கோடாகிவிடும்.

இங்கேதான் நம் கீல் பலகையின் உண்மையான பெருமை விளங்குகிறது. அது வெறுமனே கோடுகளைத் தடுக்கும் கருவி அன்று. அது நமக்கு நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தைக் கொடுத்து நாம் லென்சின் கூர்மையை வாங்குகிறோம். விலையுயர்ந்த லென்ஸ் செய்வதை, சாதாரண லென்சும் பொறுமையும் சேர்ந்து ஓரளவு செய்துவிடும்.

ஒரு சிறு குறிப்பு. துவாரத்தைச் சுருக்கும்போது உள்ளே இருக்கும் இதழ்கள் பலகோண வடிவம் எடுக்கும். அதன் விளிம்புகளில் ஒளி சிதறி, பிரகாசமான நட்சத்திரங்களுக்குக் கதிர்முட்கள் தோன்றும். 8 இதழ் இருந்தால் 8 முள். 7 இதழ் இருந்தால் 14 முள். இவை வேண்டாம் என்றால், இதழ்களை முழுவதும் திறந்துவிட்டு, கறுப்பு அட்டையில் 14 மில்லிமீட்டர் வட்டத் துளையிட்டு 50 மில்லிமீட்டர் லென்சின் முன் பொருத்துங்கள். அதுவே எஃப் 3.6 ஆகிவிடும். ஆனால் இதைவிட அகலமான பார்வையுள்ள லென்சுகளில் இந்த அட்டை மூலைகளை மேலும் இருட்டாக்கும்; அங்கே வேண்டாம்.

எல்லாக் குறையும் துவாரத்தைச் சுருக்கினால் தீர்ந்துவிடாது. ஓரங்களில் தெரியும் சிவப்பு - நீலப் பிளவு அப்படியே இருக்கும். அதைக் கணினியில் சிவப்புப் படத்தையும் நீலப் படத்தையும் இம்மியளவு பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பொருத்த வேண்டும்.

இருண்ட மூலைகளுக்கு ஒரு வகுத்தல் கணக்கு

மூலைகள் ஏன் இருள்கின்றன? ஒரு காரணம், லென்சின் குழாய் சாய்வாக வரும் கதிர்களில் ஒரு பகுதியை மறைப்பது. துவாரத்தைச் சுருக்கினால் இது குறையும். இன்னொரு காரணம் வடிவக்கணிதம். சாய்வாகப் பார்த்தால் துவாரம் சுருங்கித் தெரிகிறது. மூலைக்குத் தூரமும் அதிகம். ஒளியும் சாய்ந்து விழுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, எளிய 50 மில்லிமீட்டர் லென்சில், 36-க்கு 24 மில்லிமீட்டர் உணர்தகட்டின் மூலையில் 71 விழுக்காடு ஒளிதான் விழும்.

இதற்கு வானியலார் கையாளும் முறை அழகானது. குவியத்தையும் துவாரத்தையும் மாற்றாமல், லென்சின்மேல் வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அந்தி வானத்தைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். எங்கும் சமமான வெளிச்சம். ஆகவே அந்தப் படத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு முழுவதும் லென்சினுடையதே. இதைச் சமவெளிச்சப் படம் என்போம். அதில் நடுவில் அளவு 1,000 என்றும் மூலையில் 500 என்றும் இருந்தால், மூலை பாதி ஒளியைத்தான் பெறுகிறது. நட்சத்திரப் படத்தில் மூலையில் 120 இருந்தால் அதை 0.5 ஆல் வகுத்தால் 240. அதுதான் உண்மை அளவு. ஒவ்வொரு பிக்சலுக்கும் இந்த வகுத்தலைச் செய்யச் சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வகுப்பதற்கு முன், லென்சை மூடி எடுத்த இருட்டுப் படத்தின் அளவைக் கழித்துவிட வேண்டும். இல்லையேல் கணக்குத் தவறும்.

கவனியுங்கள்: மூலையில் ஒளியை இரட்டிப்பாக்கும்போது, அங்குள்ள இரைச்சல் புள்ளிகளும் இரட்டிக்கின்றன. வராத ஒளியை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது. அதற்குப் பல படங்கள் எடுத்துச் சராசரி காண்பதே வழி. மேடை இருப்பதால் ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் அதே இடத்தில் விழும். ஆகவே படங்கள் மூலைவரை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்.

காமிராவைத் தலைகீழாகத் திருப்புங்கள்

இப்போது ஒரு துப்பறியும் வேலை. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மோசமாக இருக்கிறது. லென்சுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறதா? அல்லது வானத்தின் அந்தப் பகுதியில் மெல்லிய மேகமா?

காமிராவை லென்சின் அச்சைச் சுற்றி அரைவட்டம் திருப்பி, அதே வானத்தை மீண்டும் எடுங்கள். குறை வானத்தோடு இருந்தால், அதே நட்சத்திரங்களோடு எதிர் மூலைக்குப் போய்விடும். குறை லென்சோடு இருந்தால், படத்தின் அதே மூலையிலேயே வேறு நட்சத்திரங்களைக் கெடுக்கும். எவ்வளவு எளிய சோதனை!

வேறோர் ஆபத்தும் உண்டு. பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி உணர்தகட்டிலும் கண்ணாடிப் பரப்புகளிலும் பட்டுத் திரும்பி, படத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மங்கலான ஒளித்திட்டை உண்டாக்கும். பார்த்தால் அசல் வால்மீன்! “புதிய வால்மீன் கண்டேன்” என்று துள்ளிக் குதிக்குமுன், காமிராவை இரண்டு டிகிரி நகர்த்தி மறுபடி எடுங்கள். வால்மீன் நட்சத்திரங்களுக்கிடையே தன் இடத்திலேயே இருக்கும். பொய்த்திட்டு இடம் மாறி ஓடிவிடும்.

இது வேடிக்கைப் பேச்சு அன்று. பர்னார்ட் 1892-ஆம் ஆண்டில் ஒளிப்படத்தின் மூலம் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். ஒளிப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீன் அதுவே. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, ஒளிப்படத் தகடு ஒன்றில் மங்கலான வால்மீனைக் கண்டார். அது பாப்பு - பாக் - நியூகர்க் வால்மீன் எனப் பெயர் பெற்றது. காவலூரில் உள்ள வான் ஆய்வுக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தகட்டில் தெரியும் ஒரு திட்டு, வானத்தில் உள்ளதா, கருவியில் உள்ளதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவர்க்கே கண்டுபிடிப்பு சொந்தமாகிறது.

ஐன்ஸ்டைனின் தலைவிதி ஒரு லென்சில்

1919-ஆம் ஆண்டு மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம். சூரியனுக்கு அருகே தெரியும் நட்சத்திரங்களின் ஒளி 1.75 கோண விநாடி வளைய வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நியூட்டன் வழிக் கணக்கோ அதில் பாதியைத்தான் தந்தது. பிரேசிலில் உள்ள சோப்ரால் என்ற ஊருக்கு ஆங்கிலேய வானியலார் இரண்டு லென்சுகளோடு சென்றார்கள். பெரிய லென்சின் விட்டம் 13 அங்குலம். ஓரப் படங்கள் சிறக்க அதை 8 அங்குலமாகச் சுருக்கினார்கள், நாம் செய்ததைப் போலவே. சிறியது 4 அங்குலம். கடிகாரப் பொறியால் திரும்பும் கண்ணாடிகள் வானத்தைப் பின்தொடர்ந்து ஒளியை லென்சுகளுக்குள் அனுப்பின.

கிரகணப் படங்களைக் கழுவிப் பார்த்தபோது, பெரிய லென்சின் நட்சத்திரங்கள் கலைந்து கிடந்தன. இரவில் சரியாக வைத்த குவியம் பகலில் மாறிவிட்டது. சூரிய வெப்பத்தால் கண்ணாடி சமமின்றி விரிந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். அந்தப் படங்கள் தந்த விடை 0.93. நியூட்டன் பக்கம்! சிறிய லென்சின் படங்களோ கூர்மையாக இருந்தன. அவை தந்த விடை 1.98. எதை நம்புவது?

அவர்கள் ஜூலை மாதத்தில், சூரியன் விலகிய பிறகு, அதே கருவிகளால் அதே நட்சத்திரங்களை மீண்டும் படம் எடுத்தார்கள். லென்சின் நிரந்தரக் குறைகள் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரி இருக்கும்; ஒப்பிட்டால் கழிந்துவிடும். நம் வேட்டித் துணிப் படத்தின் தத்துவமும் அதுவே அல்லவா? கலைந்த படங்களுக்கு மதிப்பைக் குறைத்து, கூர்மையான படங்களுக்கு மதிப்பளித்தார்கள். ஆனால் கலைந்தவற்றை மறைக்கவில்லை. அவற்றின் விடையையும் சேர்த்தே வெளியிட்டார்கள். தகடுகளையும் பாதுகாத்து வைத்தார்கள். 1979-இல் நவீன அளவுக் கருவியால் அந்தக் கலைந்த தகடுகளை மறுபடி அளந்தபோது விடை 1.55 என்று வந்தது. ஐன்ஸ்டைன் பக்கம்! அவற்றை அன்று எறிந்திருந்தால் இந்த மறுவிசாரணைக்கே இடமிருந்திருக்காது.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா நட்சத்திரங்களும் உருண்டையாகிவிடும். சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். ஆனால் மூலப்படத்தை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், துவாரம், ஒளி விழுந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பூசி மறைத்த குறை எதையும் கற்பிக்காது. காரணம் அறிந்து நீக்கிய குறை ஒரு பாடம்.

அடுத்த அமாவாசை இரவில் தொடங்குங்கள். 50 மில்லிமீட்டர் லென்சில் இடைக்கச்சையின் நடு நட்சத்திரத்தை ஏறக்குறைய படத்தின் மையத்தில் வைத்து, சிரியசையும் ரோகிணியையும் இணைக்கும் கோடு படத்தின் மூலைவிட்டத்தில் அமையும்படி காமிராவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். 36-க்கு 24 மில்லிமீட்டர் உணர்தகட்டில் சிரியசும் ரோகிணியும் எதிரெதிர் மூலைகளை ஒட்டி விழும். வானம் உங்களுக்காகவே எழுதி வைத்த வினாத்தாள் அது! முதலில் துவாரத்தை முழுவதும் திறந்து 15 விநாடி. பிறகு எஃப் 3.6-இல் ஒரு நிமிடம். இரண்டையும் அருகருகே வைத்து, அந்த இரண்டு மூலைகளையும் பாருங்கள். சிரியசின் இறக்கைகள் எவ்வளவு சுருங்கின? பிக்சல்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் லென்சைப் பற்றி நீங்களே அளந்து கண்ட முதல் உண்மையாக இருக்கும்.